'டெஸ்ட்' என்ற பெயரில் ஓடிய ரத்தம்

நேற்று மாலை தங்கையின் கணவர் போன் செய்தார்.

"அண்ணி, நாளைக்குக் காலைல பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கும் இருக்கலாமாம். கார்டிசால்னு ஏதோ ஹார்மோனாம், அதைப் பார்க்கச் சொல்றாரு டாக்டர். நீங்களே எடுத்து நீங்களே பாருங்க. வேற யார் மேலயும் எனக்கு நம்பிக்கை இல்ல."

சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஏழு மாதமாக அந்த மனிதரிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் அந்தப் பெண்ணின் கையில் ஊசி குத்த என்னால் முடியாது. சொல்லிவிட்டால் அந்த வீட்டு வாசலை நான் மறுபடி மிதிக்க முடியாது. எனக்கென்று மிச்சம் இருப்பது அந்த ஒரு வீடுதான்.

லேபில் எனக்கு இருபத்திரண்டு வருஷம். வாய் கொஞ்சம் நீளம், அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ரிப்போர்ட்டில் ஒரு எண் தடித்த எழுத்தில் இருந்தால் போதும், ஜனங்கள் மூஞ்சி வெளுத்துப் போய் கவுண்டருக்கு ஓடி வருவார்கள். "ஏங்க, ஒரே ஒரு நம்பரை வெச்சுக்கிட்டு ஏன் இப்படிப் பதறுறீங்க? பக்கத்துல இருக்குறதையும் சேர்த்துப் பாருங்க. எத்தனை மணிக்கு ரத்தம் குடுத்தீங்க, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எல்லாம் சேர்ந்தாதான் அர்த்தம்" என்று பாடம் எடுப்பேன். பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் ஆமை. ஒவ்வொரு ட்யூபிலும் பெயரை இரண்டு தடவை படிப்பாள். "அதுக்குள்ள அந்த ரத்தம் உறைஞ்சே போயிடும்டி" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வேன். அவள் சிரித்துவிட்டு மூன்றாவது தடவையும் படிப்பாள்.

சொந்தக்காரர்களுக்கு நான் அரை டாக்டர். எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. நம் வீட்டு ஆட்கள் வந்தால் கவுண்டரில் பதிவு போடுவதில்லை. நேராக உள்ளே கூட்டிப்போய் ரத்தம் எடுத்து, மெஷினில் பெயருக்குப் பதில் 'டெஸ்ட்' என்று அடித்து ஓட்டிவிடுவோம். பதிவு போட்ட ஆளுக்கு எண் எக்குத்தப்பாக வந்தால் மெஷின் சிவப்பு காட்டும். உடனே போன் பண்ணி வரவழைத்து, புதிதாக ரத்தம் எடுத்து, லேபின் பெரிய டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 'டெஸ்ட்' என்கிற ஆளுக்கு ஏது போன் நம்பர்?

ஏழு மாதத்துக்கு முன்னால் என் தங்கை ஒரு மத்தியானம் வந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"என்னடி இப்படிக் கறுத்துப் போயிட்டே? வெயில்ல சுத்துறியா?"

"எங்கக்கா சுத்துறேன்? வீட்டை விட்டே இறங்கல. எழுந்து நின்னாலே தலை சுத்துது."

சின்ன வயதிலிருந்தே தும்மினாலும் போர்த்திக்கொண்டு படுப்பவள் அவள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் டப்பாவிலிருந்த வெள்ளரித் துண்டுகளை எடுத்துக்கொண்டாள். உப்பைத் தொட்டுச் சாப்பிட்டவள், துண்டு தீர்ந்த பிறகு மிச்ச உப்பை உள்ளங்கையில் கொட்டி நக்கினாள்.

"மாடாடி நீ?"

"என்னமோ தெரியலக்கா, உப்புன்னா உசுரா இருக்கு."

சிரித்தேன். அட கடவுளே, அதற்குப் போய்ச் சிரித்தேன்.

ரத்தம் எடுத்தேன். அதற்குள் யாரோ கூப்பிட, ட்யூபைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனவள் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் 'டெஸ்ட்' என்று அடித்து மெஷினில் வைத்தேன். சோடியம் நூற்று இருபத்தெட்டு, குறைவு. பொட்டாசியம் ஐந்து புள்ளி ஒன்பது, அதிகம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஏழு புள்ளி நான்கு, கொஞ்சம் அதிகம்.

ரத்தம் ட்யூபில் வெகுநேரம் நின்றால் செல்லிலிருந்து பொட்டாசியம் கசிந்து எண் கூடிவிடும். இது எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. வேறு ஒருத்தியாக இருந்தால் பயந்து போய் மறுபடி எடுத்திருப்பாள். நான் 'பையிலேயே கிடந்ததில்லையா, அதான்' என்று தள்ளிவிட்டேன். சோடியம் குறைவா, தண்ணீரை மடக் மடக்கென்று குடித்திருப்பாள். மீதி இருந்தது தைராய்டு. எனக்கும் தைராய்டு உண்டு, மாத்திரை கைப்பையிலேயே இருக்கிறது. அலுப்பு, தலைசுற்றல் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

"ஒண்ணுமில்லடி, தைராய்டு. இந்தா, காலைல வெறும் வயித்துல ஒண்ணு போடு. பத்தே நாள்ல குதிரை மாதிரி ஓடுவே. உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி அவரை வேற பயமுறுத்தாதே."

"நீ சொன்னா சரிக்கா" என்று மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டாள்.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அது சுரக்கிற கார்டிசாலும் இன்னொரு ஹார்மோனும் இல்லாமல் போனால் உடம்பில் உப்பு நிற்காது, பொட்டாசியம் ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும், தோல் கறுக்கும், தைராய்டு எண்கூட லேசாகத் தப்பாக வரும். அந்த நிலையில் தைராய்டு மாத்திரை கொடுத்தால் மிச்சமிருக்கிற கார்டிசாலும் சீக்கிரம் தீர்ந்துபோகும். இதையெல்லாம் நான் படித்து, பரீட்சை எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மூன்று எண்களும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக இருந்தன. உப்பை நக்கித் தின்ற தங்கை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி ரத்தம் ஏதாவது பார்த்தீங்களா? மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் அவள் கணவர். "இவங்க அவளோட அக்கா, லேப்லதான் இருக்காங்க. ஏதாவது இருந்தா இவங்களே கண்டுபிடிச்சிருப்பாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஊரையே விலைபேசுகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா, மானம் போய்விடும் என்ற பயமா, இன்னமும் எனக்குத் தெரியவில்லை. வயிற்றில் ஏதோ கிருமி என்று வைத்தியம் நடந்தது. மறுநாள் மத்தியானம் வேறொரு டாக்டர் அவள் உள்ளங்கை ரேகைகள் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, உடனே கார்டிசாலுக்கு ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டார். அந்த ட்யூப் எங்கள் லேபுக்குத்தான் வந்தது. தங்கையின் பெயரைப் படித்துவிட்டு நானே மெஷினில் வைத்தேன். அவ்வளவு மோசமான நிலையில் இருக்கும் உடம்பில் இருபதுக்கு மேல் இருக்க வேண்டியது, ஒன்றுகூட இல்லை. அன்று சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

இன்று காலை எட்டு மணிக்கு இருவரும் வந்தார்கள். பாப்பாவுக்குப் பதினாறு வயது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து தானாகவே சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். நான் கவுண்டரில் அவள் முழுப் பெயர், வயது, அப்பாவின் போன் நம்பர் எல்லாம் சொல்லிப் பதிவு போடச் சொன்னேன்.

"என்ன அண்ணி, நம்ம பிள்ளைக்கு எதுக்குப் பதிவெல்லாம்?"

"தம்பி, இப்படிக் கொஞ்சம் வாங்க."

மருந்துகள் வைக்கும் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பையில் கிடந்த ட்யூப், தள்ளிவிட்ட எண்கள், நான் கொடுத்த மாத்திரை, டாக்டர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது. எதையும் மழுப்பவில்லை. அழவும் இல்லை. அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த வந்துவிடுவார், அப்படிப்பட்ட மனிதர்.

அவர் ஃப்ரிட்ஜ் கதவில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"முதல் நாளே ஊசி போட்டிருப்பாங்க. பிழைச்சிருப்பா, தம்பி. பெரும்பாலும் பிழைச்சிருப்பா."

"டாக்டர்கிட்ட ஒண்ணும் இல்லன்னு நான்தானே சொன்னேன்." என் பக்கம் திரும்பினார். "ஏழு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல அண்ணி. கூடவே இருந்துக்கிட்டு நான் கவனிக்கலையேன்னு, நானே அவளைக் கொன்னுட்டேன்னு தினம் தினம் சாகுறேன். நீங்களும் வாரா வாரம் வந்து, உங்க மேல தப்பில்ல தம்பி, விதின்னு எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போனீங்க."

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. நான் மறைத்தது என் தப்பை மட்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தூக்கி இவர் தலையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன். பாவி நான்.

"மன்னிச்சிடுங்க" என்றேன். அந்த வார்த்தை என் காதிலேயே கூசியது.

அவர் என்னைத் தாண்டி உள்ளே போய் ஆமையின் எதிரில் நின்றார்.

"நீங்க எடுங்கம்மா."

"பெரியம்மா எடுக்கலையாப்பா?" என்று பாப்பா கேட்டாள்.

"இல்லம்மா."

ஆமை என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ட்யூபில் பெயரை ஒரு தடவை படித்தாள், பாப்பாவைக் கேட்டு இன்னொரு தடவை படித்தாள், அப்புறம்தான் ஊசியைப் பிரித்தாள்.

பதினொன்றரை மணிக்கு மெஷினில் எண் வந்தது. பதினாறு. எட்டு மணி ரத்தத்துக்கு நல்ல எண். சோடியம், பொட்டாசியம் இரண்டும் சரியாக இருந்தன. எனக்கு ஓடிப்போய்ப் போனை எடுக்கத் தோன்றியது. அவர் நம்பர் எனக்கு மனப்பாடம். ஆனால் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகு, ரத்தம் எடுத்தவள்தான் கூப்பிட வேண்டும். ஆமை பதிவைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்திக் கூப்பிட்டாள். நான் இரண்டடி தள்ளி ட்யூப்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் நார்மல் சார்" என்றாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். அவள் என் பக்கம் திரும்பாமல், தாளில் விரல் வைத்தபடி பதில் சொன்னாள்.

"இல்ல சார், அவங்க தொடல. நானேதான் ஓட்டினேன். ரெண்டு தடவை பார்த்துட்டேன்."