எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’

கணினியைக் கண்டுபிடித்தவர்களுக்கே பிடிபடாத ஓர் உண்மை ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குப் பிடிபட்டிருந்தது. திரையில் எந்தப் பெட்டி முளைத்தாலும் அதைப் படிக்கக் கூடாது. ‘வேண்டாம்’ என்பதை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மனிதகுலம் முன்னேறாததற்குக் காரணமே பெட்டிகளை உட்கார்ந்து படித்ததுதான் என்பது அவன் முடிவு. சித்தியின் செத்துப்போன கைபேசியை அணைத்துப் போட்டு உயிர்ப்பித்த நாளிலிருந்து வீட்டில் அவன் பெயர் ‘வல்லுநர்’. பெயருக்கேற்ற நடையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கணினி அறையில் அவன் பக்கத்து நாற்காலிக்காரி நேர் எதிர். பெட்டி வந்தால் திரையில் விரல் வைத்து, உதடு அசைய, முற்றுப்புள்ளி வரை படிப்பாள்.

“வணக்கம், செய்திகள் வாசிப்பது...” என்று இவன் குரலை மாற்றிக்கொண்டு ஆரம்பிப்பான்.

“அது ஏதோ கேக்குதுடா. என்னன்னு பாக்க வேணாமா?”

“கேக்கும். என் தங்கச்சி மாதிரி கேட்டுக்கிட்டேதான் இருக்கும். வேணாம்னு சொல்லு, அடங்கிடும்.”

இருவரும் சேர்ந்து எறும்புகளைப் பற்றி ஒரு படக்காட்சி தயாரித்திருந்தார்கள். அன்று மதியம் பெற்றோர் முன்னால் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். தையல் கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு அம்மா வருகிறாள். எல்லாம் தானே செய்தது என்று அவளிடம் அளந்துவிட்டிருந்தான்.

கடைசிப் படத்தை ஒட்டிவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரி தண்ணீர் குடிக்கப் போனாள். அந்த இடைவெளியில் ஒரு விளையாட்டைத் திறக்கலாமே என்று இவன் படக்காட்சியை மூடினான். பெட்டி முளைத்தது. வேண்டாம்.

அவள் திரும்பி வந்தபோது திரையில் ஓர் எறும்புகூட இல்லை.

“என்னடா பண்ணே?”

“ஒண்ணும் பண்ணலையே. மூடினேன். ஏதோ கேட்டுச்சு.”

“சேமிக்கவான்னு கேட்டிருக்கும்! நேத்து சேமிச்சதுல வெறும் தலைப்புதான்டா இருக்கு!”

“போன்ல இப்படியெல்லாம் கேக்காதுல்ல. அதுவே சேமிச்சு வச்சுக்குமே...” குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

“எதையும் தொடாதே. மிஸ்ஸைக் கூட்டிட்டு வரேன்.” ஓடினாள்.

பக்கத்து அறையில் பெற்றோருக்காக நாற்காலிகளை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. அதில் ஒன்றில் அம்மா உட்காருவாள். வெள்ளைத் திரையையா காட்டுவது? தொடாமல் இருக்கக் கை கேட்கவில்லை. படக்காட்சியை மறுபடி திறந்தான்.

பெட்டி முளைத்தது.

பழக்கதோஷத்தில் அம்புக்குறி ‘வேண்டாம்’ மேல் போய் உட்கார்ந்தும்விட்டது. கொஞ்சம் அமுக்கினால் போதும். சட்டென்று மவுஸிலிருந்தே கையை எடுத்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். ஒருவரும் இல்லை. திரையில் விரலை வைத்தான்.

“நீங்கள்... சேமிக்காமல் மூடிய... பிரதி ஒன்று... இருக்கிறது. அதைத்... திறக்கவா?”

கேள்விக்குறி வரை போனான். நன்றாகவே புரிந்தது. இருந்தாலும் எதற்கு வம்பு என்று, உதடு அசைய, முதலிலிருந்து இன்னொரு தடவை ஆரம்பித்தான்.