மூன்றாவது குடி

இந்தக் காலத்து ஆட்கள் தங்களுக்கென்று ஒரு கம்பம் நடமாட்டார்கள். அடுத்தவன் நட்டதில் போய்த் தொங்குவார்கள். எண்பத்தைந்தில் தேயிலைத் தோட்டத்துக் கோபுரம் கருப்பையாவின் பெண்சாதி நீலாவதியின் குரலை எடுத்துக்கொண்டதும் அதனால்தான்.

எழுபதுகளில் டிவிக்காரர்கள் அந்தக் கோபுரத்தை மலை உச்சியில் நட்டார்கள். பிறகு போலீஸ் ரேடியோ அதில் ஏறியது. கடைசியாக, காரில் வைத்துப் பேசும் டெலிபோன்காரர்கள் வந்து, புதிதாக எதற்கு நடவேண்டும் என்று அதிலேயே இடம் கேட்டார்கள். கிடைத்தது. மாட்டிய வாரமே மூன்றும் கலந்துபோயின. டிவியில் செய்தி வாசித்தவர் முட்டைக்கோஸ் விலை சொன்னார். திரிங்காப் ஊர்ச் சீனத் தவுக்கே, காய்கறி முதலாளி, மனைவியைக் கூப்பிட்டால் போலீஸ் எடுத்தது. அப்புறம் ஒரு விடியலில், பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், ஆள் முகம் தெரியாத பனி. பெயர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் கிராணி இன்னும் வந்து சேரவில்லை. அவர் குரல் மட்டும் மேலே கோபுரத்திலிருந்து கூப்பிட்டது: "அம்மாக்கண்ணு!" அம்மாக்கண்ணு காய்ச்சலில் லயத்து வீட்டில் கிடந்தாள். வராதவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுப்பது அங்கே வழக்கம், கிராணியும் கண்டுகொள்ளமாட்டார். நீலாவதி "இருக்கேங்க" என்றாள். அதோடு சரி. பிறகு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அன்றிலிருந்து டிவி தெளிந்தது, டெலிபோனும் சுத்தமாகக் கேட்டது.

கருப்பையா மலையேறினார். கோபுரத்துக்குள் அவள் குரல் ஓயாமல் "இருக்கேங்க, இருக்கேங்க" என்றது. கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் நாகரத்தினம் அடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, என் வீட்டுக்காரி குரல எறக்கிக் குடு."

"முடியாதுலா அண்ணே. மூணு குடித்தனம் ஒரே வீட்ல இருந்தா நடுவுல செவுரு வேணும்ல? அவங்க குரல்தான் செவுரு. எடுத்தா மறுபடி கலந்துரும்."

"செவுருக்கு என் பொண்டாட்டிதான் கெடச்சாளா? ஒன் பொண்டாட்டிய வையி!"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலண்ணே."

தோட்டம் பழகிக்கொண்டது. கொழுந்துக் கூடையோடு போகும் பெண்கள், நீலாவதி பக்கத்தில் நிற்கும்போதே, கோபுரத்தை அண்ணாந்து பார்த்து "நல்லாருக்கியா நீலாவதி?" என்று விசாரித்தார்கள். எண்பத்தொன்பதில் நான்காவதாக ஒரு கம்பெனி வந்து இடம் அளந்துவிட்டுப் போனது. மறுநாள் விடியல் பனியில், களத்தில் நின்றபோது, மேலேயிருந்து நீலாவதியின் குரலே கூப்பிட்டது: "ஏங்க... இருக்கீங்களா?" இத்தனை வருடமாக வீட்டில் கேட்காத குரல். கருப்பையா வாயைத் திறந்துவிட்டார். பக்கத்தில் நின்ற நீலாவதி பாய்ந்து பொத்தினாள்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கண்ணே, நாலாவதுக்கும் ஒரு செவுரு ஆச்சு, எல்லாருக்கும் நல்லதுதானே," என்றார்கள் களத்தில் நின்றவர்கள். கருப்பையா நம்பவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, மலைக்கு முதுகைக் காட்டி நடந்தார்.