அண்ணனுக்குப் பகல்

அப்பா இரவில் கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார். பக்கவாதத்தில் இடது கால் போய்விட்டது என்பது பகலில் அவருக்கு நன்றாகத் தெரியும், தூக்கத்தில் மறந்துவிடும். இரண்டு முறை விழுந்தாயிற்று. அதனால் மகள் அவர் காலடியிலேயே படுத்து, ஒரு கண்ணால் தூங்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

பகலில் அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. போன வாரம் ஒருவருடைய ரத்தம் எடுத்த குழாயில் இன்னொருவர் பெயரை ஒட்டிவிட்டாள். நல்லவேளை, தானே கவனித்து மாற்றிவிட்டாள். அடுத்த தடவை கவனிக்காமல் போனால்?

அண்ணன் ஞாயிறுதோறும் கூப்பிடுவான். “நாங்க பூமிக்கு அந்தப் பக்கம் கிடக்கோம், என்ன செய்ய முடியும் சொல்லு” என்பது அவன் பல்லவி. தலைகீழாகத் தொங்குகிறவனிடம் எதையும் கேட்காதே, சட்டைப் பையில் இருப்பது கொட்டிவிடும் என்று அப்பா கோணிய வாயால் கேலி செய்வார்.

இந்த ஞாயிறும் அதே பல்லவி. பேசி முடித்ததும் அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று வரைபடத்தைத் திறந்தாள். தங்கள் ஊரின் அட்சரேகையை வடக்கிலிருந்து தெற்காக்கினாள். தீர்க்கரேகையை மாற்ற மறந்துவிட்டாள். புள்ளி பூமியின் இதே பக்கத்தில் போய் விழுந்தது. படித்த படிப்பெல்லாம் தூக்கத்தோடு போய்விட்டது போலும். தீர்க்கரேகையை நூற்றெண்பதிலிருந்து கழித்து, கிழக்கை மேற்காக்கியதும் சரியான இடம் வந்தது. வெறும் கடல். கரையைத் தேடி விரலை நகர்த்தினால், முதலில் வந்தது அண்ணனின் ஊர்.

அவன் பொய் சொல்லவில்லை. அவளுக்குக் கண் சொக்கும் நேரத்தில் அவன் தலைக்கு மேல் வெயில்.

உடனே திரும்பக் கூப்பிட்டாள்.

“எனக்கு ராத்திரின்னா உனக்குப் பகல்தானே?”

“அறிவியல் படிச்சவ நீ, என்னைக் கேக்குற.”

“அப்போ ராத்திரி அப்பாவை நீ பாத்துக்கோ.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. குழாயில் பெயர் மாறிய விஷயத்தைச் சொன்னாள். அப்பாவின் கைபேசியைக் கட்டிலைப் பார்க்க நிறுத்திவைப்பதாகவும், அவன் வீட்டிலிருந்து வேலை செய்யும் கணினிக்குப் பக்கத்தில் அந்தப் படம் ஓடினால் போதுமென்றும், ஏதாவது என்றால் அடுத்த அறையில் படுத்திருக்கும் தன்னைத் தன் கைபேசியில் கூப்பிட வேண்டுமென்றும் சொன்னாள். அவன் யோசித்து, சரி என்றான்.

அன்று இரவு அப்பா இருமினால் கூப்பிட்டான். கையை அசைத்தால் கூப்பிட்டான். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாரே, பரவாயில்லையா என்று கேட்கக் கூப்பிட்டான். கோழித்தூக்கமும் போயிற்று.

“கால் தரையில பட்டா மட்டும் கூப்பிடுண்ணா” என்றாள். அந்தக் குரலுக்குப் பிறகு கைபேசி அடிக்கவில்லை.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். அடித்துப் பிடித்து ஓடினாள். அப்பா கட்டிலில்தான் இருந்தார். திரையில் அண்ணன், கண் சிவந்து, தலை கலைந்து. அவனுக்குப் பின்னால் ஜன்னல் இருட்டியிருந்தது. அப்பா எழப் பார்த்தபோதெல்லாம் “படுங்கப்பா” என்று அதட்டினானாம், அவரும் படுத்துக்கொண்டாராம். இவன் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லையாம்.

“தினமும் இப்படித்தானா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“இல்ல. நேத்து ராத்திரி கொஞ்சம் நல்லாத் தூங்கினார்.”

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இன்று அவள் எத்தனை மணிக்குப் படுப்பாள் என்று கேட்டான்.