கழுத்தளவு சாக்கடை

வருடத்துக்கு ஒரு முறை குழாய்க்காரர் குடிகாரராவார். சபை மேடையில், மைக்குக்கு முன்னால், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு. குடியை விட்டு இருபது வருடம் ஆகிறது. குடித்த கதையை மட்டும் விடவில்லை.

முதல் தடவை சாட்சி சொன்னபோது மொத்தமே இரண்டு நிமிடம். குடித்தேன், சாக்கடையில் விழுந்தேன், ஆண்டவர் தூக்கிவிட்டார், ஸ்தோத்திரம். அப்போது சாக்கடை கணுக்கால் அளவு. ஐந்தாம் வருடம் முழங்காலைத் தொட்டது. பத்தாம் வருடம் இடுப்பு. புதுப் போதகர் வந்து, காதில் மாட்டும் மைக்கும் மேடைக்கு நீல விளக்கும் வந்த பிறகு சாக்கடை கழுத்து வரை ஏறியது. அதற்குள் ஓர் ஒளியும் தெரிய ஆரம்பித்தது. மழையே இல்லாமல் இப்படி ஏறுகிற சாக்கடையை அவர் தொழிலில் வேறு எங்கும் பார்த்ததில்லை.

"இருபதாவது வருஷம்ணே. விலாவாரியா சொல்லுங்க, ஜனங்க அழணும்" என்று போதகர் முந்தின வாரமே சொல்லிவைத்திருந்தார்.

இந்த வருடம் மூன்றாம் வரிசையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மனைவியின் அண்ணன், எலக்ட்ரீஷியன், ஒரு காலத்தில் குழாய்க்காரரின் மதுக்கடை மேசைத் துணை. இவர் விட்ட பிறகும் அவர் இருபது வருடம் இருவருக்கும் சேர்த்துக் குடித்தவர். இப்போது பத்து நாளாகத் தொடவில்லை. தங்கைதான் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து இழுத்து வந்திருந்தாள்.

"இன்னிக்கு நல்லாப் பேசுங்க. உங்க பேருக்காக இல்ல, எங்கண்ணனுக்காக" என்று வாசலிலேயே கணவரிடம் சொல்லியிருந்தாள்.

அவர் நன்றாகத்தான் பேசினார். வினையே அதுதான்.

மாலை ஆறு மணியிலிருந்து ஆரம்பித்தார். வேலை முடிந்து பையைக் கீழே வைக்கிற சத்தம். வெளியே முத்து முத்தாக வியர்த்து நிற்கிற கண்ணாடி கிளாஸ், அதில் கட்டைவிரலால் இழுக்கிற கோடு. ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கிற ஓசை. தட்டில் உப்புக் கடலை. முதல் வாய் நெஞ்சில் இறங்க இறங்க, தோள் இரண்டும் தளர்ந்து, உலகத்திலுள்ள அத்தனை பேரும் சொந்தக்காரர்களாகிற அந்த நிமிடம். அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் எச்சில் விழுங்குவார். சபை அதைத் துக்கம் என்று நினைத்துக்கொள்ளும்.

மூன்றாம் வரிசையில் மச்சான் உதட்டை நாக்கால் தடவினார். பிறகு எழுந்தார். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

குழாய்க்காரர் அதைப் பார்த்தார். உடனே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் சாக்கடை இன்னும் வரவில்லையே! நீல விளக்கும் போட்டாகிவிட்டது. கழுத்தளவை அப்படியே விட்டுவிட்டு எப்படி இறங்குவது?

முடிந்ததும் கைதட்டல். "பின்னிட்டீங்கண்ணே!" என்று போதகர் கட்டிப்பிடித்தார். அவருடைய தோளுக்கு மேலாக மனைவியின் முகம் தெரிந்தது.

"அண்ணன் எங்க?"

"வெளிய போனாரு..."

"நீங்க பேசப் பேச எனக்கே ஒரு வாய் குடிச்சுப் பாக்கலாம்போல இருந்துச்சு. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவர் வாசலை நோக்கி நடந்தார். எங்கே தேடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி, அதே மதுக்கடைக் கதவு. நாற்காலிக்கு மட்டும் புது ரெக்ஸின். மூலையில் கைகழுவுகிற தொட்டியின் குழாய், இருபது வருடத்துக்கு முன்பு சொட்டியது போலவே சொட்டிக்கொண்டிருந்தது. பழைய மேசையில் மச்சான். எதிரே ஒரு கிளாஸ், விளிம்பு வரை, வியர்த்தபடி.

"வா மாப்ளே. உன் நாற்காலி காலியாத்தான் இருக்கு."

"குடிச்சிட்டீங்களா மச்சான்?"

"இன்னும் இல்ல. பத்து நாள்ல அந்த ருசியையே மறந்துட்டு வந்தேன்டா. நீதான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்த. கடலை உட்பட! இந்தக் கடைக்காரன் காசு குடுத்தாலும் இப்படி ஒரு விளம்பரம் கிடைக்காது." கிளாஸை விரலால் சுற்றினார். "வெளிய ஸ்பீக்கர்ல மீதியும் கேட்டேன். அது என்ன கழுத்தளவு? தூக்கிவிட்டது நான்தானே? உன் செருப்புகூட முழுசா நனையல."

குழாய்க்காரர் உட்கார்ந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியது. தோள் இரண்டும் தாமாகவே தளர்ந்தன. கிளாஸை நோக்கிக் கை போனது. தள்ளிவைக்கவா, எடுக்கவா என்று அவருக்கே தெரியவில்லை. பயந்துபோய்க் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஆண்டவரே, இத்தனை வருஷம் உம்மைப் பற்றிப் பேசுகிறேன் என்று இந்தக் கிளாஸைப் பற்றித்தானே பேசியிருக்கிறேன்.

குழாய் சொட்டியது.

"மச்சான், நான் நிஜமா எப்படி விட்டேன்னு தெரியுமா?"

"அதான், அந்த ஒளி..."

"ஒளியுமில்ல ஒண்ணுமில்ல. டார்ச் லைட்."

பிறகு, மேடையில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார். அப்போது இருந்த பழைய போதகர் ஒருநாள் சரியாக ஆறு மணிக்குக் கூப்பிட்டனுப்பினார். அடுப்படித் தொட்டிக்கு அடியில் ஒழுகுகிறதாம். இவருக்குக் கை நடுக்கத்தில் குழாய் மரையில் டேப் சுற்றவே வரவில்லை. போதகர் முட்டி மடக்கிப் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார்; வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். வேலை முடிந்ததும் சூடாகத் தேநீர். மறுநாள் ஆறு மணிக்குக் குளியலறைக் குழாய். அதற்கு மறுநாள் தோட்டத்துக் குழாய். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. என்ன சாபம் பிடித்த வீடு என்றுதான் இவர் நினைத்தார். ஒருநாள் கொஞ்சம் முன்னதாகப் போனபோது, போதகரே தொட்டிக்கு அடியில் படுத்து, ஸ்பேனரால் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாட்டிக்கிட்டேனா தம்பி?" என்றாராம். "ஆறு மணிய உன்னால தனியாத் தாண்ட முடியல. எனக்குத் தெரிஞ்சது ஜெபம், உனக்குத் தெரிஞ்சது குழாய். ரெண்டையும் ஒரே இடத்துல வச்சேன், அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து போதகரின் மனைவி குரல் கொடுத்தாராம்: "ரெண்டு மாசமா வீடு பூரா ஈரம்! ஆண்டவரே, இந்தப் பிள்ளை குடியை விடட்டும், என் தரை காயட்டும்னு நானும்தான் ஜெபம் பண்றேன்!"

மச்சான் சிரித்துவிட்டார். குழாய்க்காரரும் சிரித்தார், ஆனால் கண் கலங்கியது. நனைந்த சிமெண்ட் வாசனை, தேநீர் டம்ளரின் சூடு, மஞ்சளாக வட்டமிட்ட அந்த வெளிச்சம், பக்கத்தில் சொடக்குப் போடுகிற கிழட்டு முட்டிகள். இவ்வளவு காலமும் அவர் ஏங்கியது இதற்குத்தான். மேடையில் ஏனோ கிளாஸைத் தொட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் போய்ச் சேர்ந்தும் வெகுகாலமாகிவிட்டது.

"இதை ஏண்டா ஒரு தடவைகூடச் சொல்லல?"

"போதகர் திருட்டுத்தனமா நட்டு கழட்டுறது நீல விளக்குல எடுபடாது மச்சான்."

மச்சான் மேசையைப் பார்த்தார். கிளாஸைச் சுற்றிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"சரி, உன் வீட்டுல என்ன ரிப்பேர்?"

"இப்போதைக்கு எதுவும் இல்ல. ஆறு மணிக்குள்ள ஆயிடும்."

கிளாஸ் அங்கேயே இருந்தது.

அன்று மாலை ஐந்தரைக்குக் குழாய்க்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, காலிங் பெல்லின் மூடியைக் கழற்றினார்.

"என்ன பண்றீங்க? காலையில நல்லாத்தானே அடிச்சுது?" என்றாள் மனைவி.

"இனிமே அடிக்காது. உங்கண்ணன் ஆறு மணிக்கு வர்றாரு."

அந்தப் பழைய டார்ச் கதை அவளுக்கும் தெரியும். உள்ளே போய் டார்ச்சை எடுத்து வந்தாள். "நாளைக்கு இஸ்திரிப் பெட்டியக் கழட்டுங்க. அது ஏற்கெனவே ஷாக் அடிக்குது."

ஆறு மணிக்கு மச்சான் கதவைத் தட்டினார். ஸ்டூலில் ஏறினார். ஒயரைப் பிடித்த விரல்கள் நடுங்கின. முனை இரண்டு தடவை நழுவியது. கீழே டார்ச் பிடித்து நின்ற குழாய்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார், உதடு அசைந்தது. வெளிச்சம் மெதுவாகச் சுவரைவிட்டு நகர்ந்து கூரைக்குப் போனது.

"ஜெபம் பண்ணு மாப்ளே, வேண்டாங்கல" என்றார் மேலிருந்து மச்சான். "லைட்டை மட்டும் ஆட்டாதே."