ஜெகநாதன் சார் போட்ட ஜீரோ

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் தாளிலிருந்து கிடைத்தது. கனவில் வந்தது, தானாக ஊற்றெடுத்தது என்றெல்லாம் அளக்கமாட்டேன். இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரேணுகாதேவி டீச்சர் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்.* ஒரு கதை எழுதுவதா எனக்குக் கஷ்டம்? முதல் வரி இதோ:

கோட்டை மைதானத்தின் மேல் மே மாத வெயில் தன்

வேண்டாம். வெயிலில் ஆரம்பிக்கும் கட்டுரைக்கு நானே மார்க் போடமாட்டேன்.

இன்று காலை ஒன்பது மணிக்குக் காத்தாயி தன் மகள் எழிலரசியோடு என் வீட்டுக்கு வந்தாள்.

இது போதும்.

* பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

2

காத்தாயிக்குச் சந்தவாசல் பக்கம் கரும்பு வெட்டும் வேலை. எழிலரசி கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். ஆங்கிலத்தில் முப்பத்துமூன்று, இரண்டு மார்க்கில் ஃபெயில். அதில் மட்டும் தேறிவிட்டால் நர்சிங் இடம் காத்திருக்கிறது. விடைத்தாளின் நகலை வாங்கி வந்திருந்தார்கள். மறுமதிப்பீட்டுக்கு இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

"டீச்சர், எதுனா வழி கீதா? மூணு நாளா சோறு துன்னாம அழுதுகினே கீது. ஒரே பேஜாரா போச்சு."

"நான் சரியாதான் எழுதனேன் மிஸ்" என்றாள் எழிலரசி. "அந்தப் படகோட்டி பத்தில மூணு கேள்விக்கும் ஜீரோ போட்டுகீறாங்க."

பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதி அது. படகோட்டி ஏன் படகை எடுக்க மறுத்தான்? விடைக்குறிப்பு: 'ஆறு பெருக்கெடுத்து ஓடியதால்.' எழிலரசி எழுதியிருந்தது: 'தண்ணீர் அதிகம், வேகமும் அதிகம். படகில் சின்னப் பிள்ளைகள். அவன் பயந்தான்.' (தமிழாக்கம் என்னுடையது. அவளுடைய ஆங்கிலம் இதைவிடக் கொஞ்சம் நொண்டும்.)

பார்த்தேன். "மார்க்கெல்லாம் சரியாதாம்மா போட்டிருக்காங்க. துணைத் தேர்வு எழுதிடு" என்றேன். காத்தாயி என்னைக் கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

3

இனி ஜீரோ போட்டவரைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். பெயர் ஜெகநாதன். விடைத்தாள் திருத்தும் முகாமில் மதியச் சாப்பாட்டுக்குள் பதினைந்து தாள் முடித்தாக வேண்டும். ஜெகநாதன் சார் கெட்டிக்காரர். விடையைப் படிக்கமாட்டார், விடைக்குறிப்பில் உள்ள சொல் தாளில் தென்படுகிறதா என்று தேடுவார். தென்பட்டால் இரண்டு, இல்லாவிட்டால் ஜீரோ. ஜீரோவுக்குள் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம்.

தன் மாணவர்களுக்கும் அதையேதான் சொல்லித் தருவார்: "கேள்வில இருக்கிற வார்த்தை பத்தில எங்க வருதுன்னு பாரு. அந்த வரிய அப்படியே தூக்கி எழுது. புரியணும்னு அவசியமே இல்ல." வருடா வருடம் நூறு சதவீதத் தேர்ச்சி.

வாசகர் இரக்கப்படட்டும் என்று அவருக்குச் சர்க்கரை நோய் கொடுத்தேன். போதவில்லை. சரி, அவர் மனைவிக்கு

4

(மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. ஜெகநாதனுக்கு மனைவி கிடையாது. ஜெகநாதனே கிடையாது.)

புள்ளி வைத்த ஜீரோ என்னுடையது. ஏப்ரலில் நான் திருத்திய கட்டுகள் கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவை. நகலைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் அவளை அப்படி அனுப்பினேன். ஆறு மார்க் ஏறினால் திருத்தியவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. பயந்துவிட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கட்டில் மற்றவர்களெல்லாம் பத்தியின் வரியை அப்படியே தூக்கி எழுதியிருந்தார்கள். புரிந்துகொண்டு எழுதியவள் அவள் ஒருத்திதான்.

5

முடிவுகள்.

அ) எழிலரசி துணைத் தேர்வில் தேறுகிறாள். அதற்குள் நர்சிங் இடம் வேறொருத்திக்குப் போய்விடுகிறது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. கதையாகப் பார்த்தால் கச்சிதம்.

ஆ) டீச்சர் ஸ்கூட்டியில் சந்தவாசலுக்குப் பறந்து, கரும்புக் காட்டில் காத்தாயியின் காலில் விழுந்து

சேச்சே, சினிமா.

மணி மூன்றரை. போன் போட்டேன்.

"எழிலு, ஜல்தியா ஏதாவது பிரவுசிங் சென்டருக்குப் போம்மா. அஞ்சு மணிக்குள்ள மறுமதிப்பீட்டுக்குப் போட்டுடு."

"காலைல நீங்கதான வேணாம்னீங்க, மிஸ்?"

"காலைல பொய் சொன்னேன். அந்த ஜீரோவ போட்டதே நான்தான்."



"நான் எழுதனத படிச்சிட்டா போட்டீங்க, மிஸ்?"

"இல்லம்மா. இன்னிக்குக் காலைலதான் படிச்சேன்."

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் அவள் என்னை மன்னித்துவிடுவாள்.