நூற்றைம்பது காலிப் பாட்டில்கள்

கடைக்கு வழக்கமாக வரும் மரீனோ நூற்றைம்பது காலிப் பாட்டில் கேட்டபோது செய்கு முகம்மது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குவைத்தின் பஹாஹீலில் மளிகைக் கடை வைத்திருப்பவனிடம் ஜனங்கள் எதையும் கேட்பார்கள். அட்டைப்பெட்டி கேட்பார்கள், பழைய சாக்கு கேட்பார்கள். சர்பத் பாட்டில்களை மரக் கிரேட்டுகளில் அடுக்கிக் கொடுத்தான். கிரேட்டுகளின் பக்கவாட்டில் பச்சைப் பெயிண்டில் கடையின் பெயர் இருந்தது.

கார் டிக்கியில் ஏற்றும்போதுதான் அந்த இரும்புச் சாமானைப் பார்த்தான். ஒரு முழ உயரம். மேலே கைப்பிடி, நடுவில் வளையம். ஊரில் கலர் சோடா போடுகிற இடத்தில் பார்த்திருக்கிறான். மூடி அடிக்கிற மெஷின். மரீனோ அதன்மேல் ஒரு துண்டை இழுத்துவிட்டார்.

குவைத்தில் காலிப் பாட்டிலும் மூடி அடிக்கிற மெஷினும் ஒரே வீட்டுக்குப் போனால் அதற்கு ஒரே காரணம்தான். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் சாராயம் பிடிபட்டது. காய்ச்சியவனோடு, அவனுக்கு ஈஸ்ட் விற்ற கடைக்காரனையும் ப்ளேன் ஏற்றினார்கள். அந்தக் கடையில் இன்னும் பூட்டுத் தொங்குகிறது.

சாயங்காலம் பாஸ்கர் சிகரெட் வாங்க வந்தான். மெட்ராஸ்காரன். மரீனோ இன்ஜினியராக இருக்கும் அதே எண்ணெய்க் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். செய்கு விஷயத்தைச் சொன்னதும் சிகரெட்டைப் பற்றவைக்க மறந்துபோனான்.

"அவன் யாருன்னு நெனச்சீங்க பாய்? பேரைப் பாருங்க. இத்தாலிக்காரன். பொறந்தது சிகாகோ. சிகாகோ இத்தாலிக்காரன்னா சும்மாவா? வீடியோல பாத்ததில்ல? கோட்டு போட்டுக்கினு, பிடில் பெட்டில துப்பாக்கி வெச்சுக்கினு..."

"இவுஹ கோட்டு போடுறதில்லையே."

"இந்த வெயில்ல எவன் போடுவான்? ஆபீஸ்ல நாங்க வெச்ச பேரே மாஃபியாதான்."

"கொத்தமல்லி வாங்குனாலும் பில்லு கேக்குறாஹ. அது எதுக்கு?"

"நாளைக்கு மாட்னா உங்களையும் சேத்து இழுக்கத்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? உங்க கீழக்கரைல மீன் வயித்தைக் கீறினாலே தங்க பிஸ்கட்டுதான் விழுமாமே."

செய்கு சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனிடம் எப்போதும் தயாராக இருந்தது. சினிமாவில் கடத்தல்காரன் என்றால் கட்டம் போட்ட கைலியும் தொப்பியும் என்று ஆன நாளிலிருந்து, ஊர்ப் பெயரைக் கேட்டுக் கண்ணடிக்கிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் கொடுத்துவருகிறான்.

"முந்திக்கோங்க பாய்," என்றான் பாஸ்கர். "கஃபீல் காதுல போட்டுடுங்க. பிடிபட்டப்புறம் சொன்னா எவன் நம்புவான்?"

கடையும் விசாவும், அவனுக்குப் பொறுப்பேற்ற அரபியான கஃபீல் அபூ நாசரின் பெயரில் இருந்தன. வியாழக்கிழமை செய்கு அவருக்குப் போன் செய்தான். பாட்டில், மெஷின், வீடு இருக்கும் இடம், எல்லாவற்றையும் சொன்னான்.

"கலாஸ், விடு. நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றார் அபூ நாசர்.

வீட்டில் மனைவி நஸீரா கேட்டாள். "சாராயத்தைக் கண்ணால பாத்தியளா?"

"மெஷினைப் பாத்தேன்."

"மெஷினைக் குடிக்கவா முடியும்?"

"பாத்துட்டுத்தான் சொல்லணும்னா கடை மிஞ்சாது, புள்ள."

நஸீரா விடவில்லை. "நம்ம பேரு போட்ட கிரேட்டு அங்கனல்ல கெடக்கு. போலீசு மொதல்ல அதத்தானே படிப்பான்?"

செய்குவுக்கு இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நேரே மரீனோவின் வீட்டுக்குப் போனான். மதில் சுவருக்குப் பின்னாலிருந்து புகை எழுந்தது. காற்றில் புளித்த வாடை. நினைத்தது சரிதான் என்று பட்டது. கதவைத் தட்டினான்.

மரீனோவே திறந்தார். சட்டையெல்லாம் சிவப்பு. முற்றத்தில் வாப்ரா தோட்டத்துத் தக்காளி பெட்டி பெட்டியாக இருந்தது. அவர் மனைவி தக்காளியை அரைத்து வடிகட்டினாள். இரண்டு மகள்கள் செய்குவின் பாட்டில்களில் அதை ஊற்றினார்கள். அடுப்பில் ஒரு தகர டிரம்மில், மூடி போட்ட பாட்டில்கள் வெந்நீரில் கிடந்து கொதித்தன.

செய்கு ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தான். சர்க்கரை இல்லை. ஈஸ்ட் இல்லை. உப்பும் துளசி மாதிரி ஏதோ ஓர் இலையும் இருந்தன.

"என்ன வேணும் ஷேக்?"

"கிரேட்டு," என்றான் செய்கு, தன் கடை ஆங்கிலத்தில். "கடைக்குத் தேவைப்படுகிறது."

"வேலை முடிந்ததும் எடுத்துக்கொள். உட்கார்."

மரீனோ மெஷினின் கைப்பிடியை அவன் கையில் கொடுத்தார். அழுத்தினால் மூடி பிடித்துக்கொள்ளும். செய்கு அழுத்தினான். காது மட்டும் தெருவில் இருந்தது.

ஒரு வருஷத்துச் சமையலுக்கு இது என்றார் மரீனோ. தாத்தா சிகாகோவில் கார் ஷெட்டில் செய்வாராம். மெஷின் அவருடையது. பாட்டிலைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தில் யாராவது போலீசைக் கூப்பிடுவார்களாம். இத்தாலிக்காரன் வீட்டுப் பாட்டிலில் வேறென்ன இருக்கும்?

"போலீஸ் மூன்று பாட்டிலை உடைத்துப் பார்க்கும். பாட்டி ஒரு வாரம் அழுவாள்." மரீனோ அடுத்த பாட்டிலை வைத்தார். "ஆபீசில் பாஸ்கர் என்னை எப்படிக் கூப்பிடுகிறான் தெரியுமா?"

"தெரியாது," என்றான் செய்கு.

"உன்னைப் பற்றியும் சொன்னான். உன் ஊர்க்காரர்கள் எல்லாரும் தங்கம் கடத்துகிறவர்கள், ஒவ்வொன்றுக்கும் பில் வாங்கிக்கொள் என்று. வாங்கினேன். இன்னும் வைத்திருக்கிறேன்." அவர் சிரித்தார். "நானே அப்படிச் செய்தேன் பார்."

செய்குவுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போதே சொல்லிவிடலாம். நான்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன், ஆட்கள் வருகிறார்கள் என்று. வாயைத் திறந்தான். வாசலில் கார் நின்றது.

அபூ நாசர் உள்ளே வந்தார். கூட ஒருவர், அவரும் வெள்ளை திஷ்டாஷா அங்கிதான், ஆனால் நின்ற நிலையிலேயே போலீஸ் என்று தெரிந்தது. அந்த மனிதர் ஒரு பாட்டிலைத் திறக்கச் சொன்னார். முகர்ந்தார். விரலை விட்டு நக்கினார். டிரம்மைக் குச்சியால் கிளறினார். மகள்கள் அம்மாவின் பின்னால் போய் நின்றார்கள்.

"தக்காளி," என்றார் அந்த மனிதர், அபூ நாசரிடம்.

செய்கு எழுந்து நின்றான். லீவு நாளான வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு போலீஸ்காரரோடு அபூ நாசரை வரவழைத்துத் தக்காளியைக் காட்டியாயிற்று. கடை போயிற்று என்று நினைத்தான். "தப்பு என்னுடையது, அபூ நாசர்," என்று அரபியில் சொன்னான்.

அபூ நாசர் அவன் தோளில் தட்டினார். கோபமே இல்லை.

"தப்பு ஒன்றும் இல்லை. நல்ல வேலை செய்தாய். இனிமேல் உன் கடையில் யார் என்ன வாங்கினாலும், உனக்கு ஒரு மாதிரியாகப் பட்டால், எனக்குச் சொல். வாரா வாரம் சொல்." கூட வந்தவர் பக்கம் கையைக் காட்டினார். "இவருக்கும் உன் கடை எங்கே என்று தெரியட்டும்."

"சரி," என்றான் செய்கு.

இரண்டு பேரும் போனார்கள். மரீனோவுக்கு அரபி தெரியாது. ஆனால் தோளில் தட்டியதைப் பார்த்திருந்தார்.

"அவர் என்ன சொன்னார்?"

"தக்காளி நன்றாக இருக்கிறதாம்."

மரீனோ அவனையே பார்த்தார். மனைவியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் மகள்களை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

செய்கு கைப்பிடியைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"வேண்டாம்," என்றார் மரீனோ. "நான் பார்த்துக்கொள்கிறேன்."