வீட்டில் அழைக்காத பெயர்

ரேஷன் கடையில் அம்மா பூங்கோதையின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளுகிறாள், நீ சொல்லுடி, சொல்லேன், என்கிறாள், கடைக்காரர் பேனாவை உதறிக்கொண்டு மூத்த பையன் பேர் என்னம்மா என்று மூன்றாம் தடவையாகக் கேட்கிறார், அம்மாவுக்கு அண்ணனின் பெயர் வாயில் வராது, அது மாமனாரின் பெயர், மாமனார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் அம்மா அந்தப் பெயர்ப் பக்கமே போகமாட்டாள், பெற்ற பிள்ளையை மணி, மணி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள், தணிகாசலம் என்று பூங்கோதைதான் கத்த வேண்டியிருக்கிறது, வரிசையே சிரிக்கிறது, அந்தச் சிரிப்பு இத்தனை வருடம் கழித்து இந்த அலுவலகத்தின் மின்விசிறிச் சத்தத்தில் எதற்காகக் கேட்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை, எதிரே கணினித் திரை, திரையில் புங்கனேரி.

வேலூரில் அந்த ஆவண அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு இந்தக் கிறுக்கு பிடித்திருந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பழுப்பு அட்டை, எல்லாம் பட்டாள எண் வரிசையில், அந்த எண் எந்த வீட்டில் யாருக்குத் தெரியும், வருகிறவர்கள் பெயரைச் சொல்வார்கள், ஊரைச் சொல்வார்கள், நெற்றியில் வெட்டுத் தழும்பு இருக்கும் என்பார்கள், அதனால்தான் எண்ணோடு பெயரை மட்டும் கணினியில் ஏற்றச் சொன்னபோது இவள் ஊரையும் சேர்த்து ஏற்றினாள், ஊரெல்லாம் ஏத்திக்கினு இருந்தா நான் ரிட்டையர் ஆயிடுவேம்மா என்றார் சூப்பரின்டென்ட், நன்றாக ஆகட்டும் என்று இவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள், ஒவ்வொரு அட்டையும் ஒரு ஆள், எங்கே போனான், எதைச் சாப்பிட்டான், திரும்பி வந்தானா, தெரியாமல் வீட்டுக்குப் போனால் அவளுக்குச் சோறு இறங்காது.

பக்கத்து நாற்காலியில் முனிரத்தினம், புங்கனேரிக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அண்ணன் துரை பர்மா சண்டைக்குப் போனான், ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை, செத்தானா, அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டானா, அது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும், உயிரோட இருக்கிறவனுக்குத் திதி குடுக்கலாமாம்மா, பாவமில்லியா, செத்தவனுக்குக் குடுக்காம வுட்டா அது அத்தவிடப் பாவம், எங்கம்மா கண்ண மூடற வரிக்கும் குடுக்க வுடல, எம்புள்ள வருவான்னு வாசலயே பாத்துக்கினு கெடந்துச்சி, எனக்கப்புறம் குடுக்க யாருமில்ல, என்பார், ஒவ்வொரு முறை வரும்போதும் இதையே சொல்வார், இவளும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பாள்.

இன்றைக்குப் புங்கனேரி அட்டைகள் முழுக்க ஏறிவிட்டன, ஊர்ப் பெயரைத் தட்டியதும் ஒரு பட்டியல் விழுந்தது, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, துரையும் இல்லை, சின்னத்துரையும் இல்லை, பூங்கோதைக்கு அழுகையே வந்துவிட்டது, வுடும்மா, நீ இன்னா பண்ணுவ, என்று முனிரத்தினம் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார், அப்போதுதான் அந்த ரேஷன் கடையில் அம்மா மறுபடி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள், ஐயா, கொஞ்சம் உட்காருங்க, துரைங்கிறது வீட்ல கூப்பிடற பேரா, மூத்த பையனுக்குத் தாத்தா பேர்தானே வெப்பாங்க, உங்க தாத்தா பேர் என்ன, என்று கேட்டாள்.

தாத்தா பேரா, எல்லப்பன், என்றவர் அந்தப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் முகம் மலர்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார், அந்தப் பேர வெச்சி எங்க வீட்ல ஒரு கூத்து நடந்துச்சி, கேளும்மா, கல்யாணம் காட்சின்னு சொந்தக்காரங்க கூடினா இத்தச் சொல்லித்தான் சிரிப்போம், இவள் காதைக் கொடுத்தபடி எல்லப்பனைத் தேடித் தட்டினாள், எனக்கு அப்ப விவரம் தெரியாத வயசு, அப்பாவும் இல்ல, அம்மா களத்துல கம்பு பொடைச்சிக்கினு இருக்குது, முன்சீப் அனுப்புனாருன்னு தலையாரி வந்து நிக்கிறான், எல்லப்பன் வூடு இதானே, அவரு செத்துட்டாராம், சர்க்கார்லேந்து சேதி வந்துகீது, அப்டின்றான், எங்கம்மா மொறத்தக் கீழ வெச்சிட்டு வுழுந்து வுழுந்து சிரிக்குது, எங்க மாமனார் செத்து மாமாங்கம் ஆவுது, உங்க சர்க்காருக்கு இப்பதான் தெரிஞ்சிதா, போயி எங்களுக்கு அப்பவே தெரியும்னு சொல்லுன்னு, அவனும் சிரிச்சிக்கினே போயிட்டான்.

அட்டை திறந்திருந்தது, எல்லப்பன், புங்கனேரி, வயது இருபது, நெருங்கிய உறவு தாய், பூங்கோதை கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டாள், முனிரத்தினம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு உதட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்க, இன்னாம்மா போட்டுகீது, படி, என்றார், மலைக்காய்ச்சல், இம்பால் ஆஸ்பத்திரி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு ஜூலை இருபத்தெட்டு, ஆடி மாசம் வரும் ஐயா, பஞ்சாங்கத்தில் திதி பார்த்துவிடலாம், என்றாள், அவர் தலையை ஆட்டினார், கடைசி வரியை வாசிக்காமல் விட்டுவிடத்தான் பார்த்தாள், அவர் விரல் அதன்மேல் வந்து நின்றது, இது இன்னா, என்றார், தாயாருக்குத் தகவல் சொல்லியாயிற்று, அவ்வளவுதான் ஐயா, என்றாள்.

முனிரத்தினம் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டார், அப்புறம் சின்னக் குழந்தை கோள் சொல்வதுபோல, சிரிச்சிதும்மா, எங்கம்மா சிரிச்சிது, என்றார்.